ஒரு பேச்சுக்குச் சொன்னது

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை கத்தினால் அதன் உயிர் மட்டும்தான் போகும். நான் வாயைத் திறந்து கெடுத்தது என் மகளின் பிழைப்பை. ஆகவே தவளையைவிட நான் கேடுகெட்டவள். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

என் பெயர் மலர்க்கொடி. மலாக்காவில் செங் என்ற தொழிற்பேட்டையில், ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமைக்கிறேன். காலையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், பத்து மணிக்கு மீ நூடுல்ஸ், மதியம் சோறும் மூன்று வகைக் குழம்பும். பதினோரு வருடமாக இதே அடுப்பு, இதே கரண்டி. என் வீட்டுக்காரர் ஹரிதாஸ் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலைகளில் காண்டிராக்ட்டுக்குச் சாரம் கட்டுகிறவர். இருவரும் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். தோட்டத்தை விற்று அங்கே வீடமைப்புத் திட்டம் எழும்பியதும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வந்தோம். எங்களுக்கு ஒரே பிள்ளை, தேவிஸ்ரீ.

அவள் பாலிடெக்னிக்கில் விவசாய டிப்ளோமா எடுத்தபோது எங்கள் தெருவே சிரித்தது. "தோட்டத்த விட்டு ஓடியாந்து, மறுபடியும் மண்ண நோண்டவா புள்ளய படிக்க வெக்கிற?" என்று பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா முகத்துக்கு நேரே கேட்டாள். எனக்கும் அந்த எரிச்சல் இருந்தது. மகளிடமே கேட்டேன்.

"அம்மா, நீங்க பால் வெட்டுனது தொரையோட மரம். நான் போடப்போறது என்னோட செடிலா. ரெண்டும் ஒண்ணா?" என்றாள்.

வாயடைத்துப் போனேன். அன்றைக்கு அடைத்த வாய் அப்படியே அடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

கடைசி செமஸ்டரில் பதினான்கு வாரம் பிராக்டிகல் போக வேண்டும். மஸ்ஜித் தானா ஊரைத் தாண்டி ஒரு கிராமப்புற இளைஞர் விவசாயத் திட்டத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. ஆறு பேர் பயிற்சிக்குப் போனார்கள். முடிவில் அந்த ஆறு பேரில் ஒருவருக்கு அரை ஏக்கர் லாட் ஒன்றை இரண்டு வருடத்துக்கு வாடகையில்லாமல் கொடுப்பார்கள். பிளாஸ்டிக் கூரை போட்ட கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, குழாய், ஆயிரத்து ஐந்நூறு மிளகாய்ச் செடி, எல்லாம் சேர்த்து. யார் தனியாக நின்று நடத்துவாரோ அவருக்குத்தான் லாட் என்று சொல்லியிருந்தார்கள். தேவி அந்தக் காகிதத்தை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள்.

"லாட் கெடச்சா நான் பொழச்சேன்மா. கெடைக்கலன்னா செங்ல ஷிப்ட்டுதான். என் சீனியர் எல்லாரும் அங்கதான் பாக்ஸ் மடிக்கிறாளுங்க," என்றாள்.

முதல் நாள் நான் லீவு போட்டுவிட்டு எங்கள் பழைய காரில் கொண்டுபோய் விட்டேன். பயிற்சி அதிகாரி தனபாலன், மலாக்கா டவுன்காரர், மடிப்புக் கலையாத சட்டை. தமிழர் என்று தெரிந்ததும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கைகூப்பி, "சார், அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. நீங்கதான் பாத்துக்கணும்," என்றேன்.

"கவலப்படாதீங்கக்கா. கெட்டிக்காரப் புள்ளயா தெரியுது. நம்ம வீட்டுப் புள்ள மாதிரி பாத்துக்கிறேன்," என்றார். எவ்வளவு அழகாகச் சொன்னார், பாவி.

வெளியே வந்ததும் தேவி என்மேல் பாய்ந்தாள். "என்னம்மா நீ? மூணு வருசம் படிச்சிருக்கேன். ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லி மானத்த வாங்குற!"

"அடி போடி, அது ஒரு பேச்சுக்குச் சொல்றது," என்று சிரித்தேன்.

ஒரு பேச்சுக்குத்தான். தோட்டத்துப் பள்ளியில் என்னைச் சேர்த்த அன்று என் அம்மா வாத்தியாரிடம், "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க சார், இதுக்கு ஒரு எழவும் வெளங்காது," என்றார். வாத்தியார், "யார் சொன்னா? நல்ல புத்திசாலிப் புள்ள," என்றார். அதுதான் முறை. பெற்றவள் தாழ்த்திச் சொல்ல வேண்டும், எதிரில் இருப்பவர் தூக்கிச் சொல்ல வேண்டும். பெற்றவளே தூக்கிப் பேசினால் திமிர் பிடித்தவள் என்பார்கள். என் அப்பா நாற்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், பால் அதிகம் எடுத்ததற்குத் துரை பாராட்டியபோதுகூட, "எல்லாம் ஐயா தயவு," என்று குனிந்தார். மரத்துக்கு ஐயாவா விடியற்காலையில் கத்தி போட்டார்? ஆனாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். எங்கள் நாக்கு அப்படியே வளைந்து வளர்ந்துவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு, அதையும் மறைக்கவில்லை. பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வில் தேவி ஆறு ஏ எடுத்தபோது சந்தோஷம் தாங்காமல் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். அடுத்த வாரமே அவளுக்கு டெங்கி. பிளேட்லெட் இறங்கி, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். ஊர்க் கண் பட்டது என்று நானே மூன்று தெரு மண்ணெடுத்துச் சுற்றிப் போட்டேன். இனி என் பிள்ளையை நானே புகழ மாட்டேன் என்று அம்மன் முன்னால் சொன்னேன்.

பிராக்டிகலில் தேவி பட்ட பாட்டைச் சொன்னால் தாங்காது. தினமும் மோட்டார் சைக்கிளில் ஒரு மணி நேரம் போக்கு, ஒரு மணி நேரம் வரவு. அந்த மிளகாய்ச் செடிகள் மண்ணில் இல்லை, தேங்காய் நார்த்தூள் நிரப்பிய கறுப்புப் பைகளில். ஒவ்வொரு பைக்கும் ஒரு சின்னச் சொட்டுக் குழாய், அதன் வழியாகத்தான் உரத் தண்ணீர் போகும். உரம் ஏ என்று ஒன்று, பி என்று ஒன்று. இரண்டையும் கெட்டியாக இருக்கும்போது ஒன்றோடொன்று கலக்கவே கூடாதாம். தனித்தனியாகத் தண்ணீரில் விட வேண்டுமாம். இதெல்லாம் அவள் சோறு சாப்பிடும்போது சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம்.

ஐந்தாவது வாரம் காய்களின் நுனி கறுத்து அழுக ஆரம்பித்தது. தனபாலன் நோய் என்று சொல்லி மருந்து அடிக்கச் சொன்னார். மூன்று நாள் அடித்தார்கள், இன்னும் அழுகியது. தேவி ஆறு பேருக்கும் பொதுவான உரத் தொட்டியை எட்டிப் பார்த்து, அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படிந்திருந்ததைக் கண்டுபிடித்தாள். யாரோ சோம்பேறித்தனமாக ஏ, பி இரண்டையும் ஒரே வாளியில் கொட்டிக் கலக்கியிருக்கிறார்கள். சத்து எல்லாம் கட்டியாகி அடியில் உட்கார்ந்துவிட்டது, சொட்டுக் குழாய்களும் அடைத்துவிட்டன.

அந்த வார இறுதியில் என் குளியலறையில் கால் வைக்க இடமில்லை. அறுநூறு சொட்டுக் குழாய்களை மூட்டை கட்டி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். மூன்று வாளிகளில் வினிகர் ஊற்றி ஊறவைத்து, ஒவ்வொன்றாக எடுத்து என் தையல் ஊசியால் துவாரம் குத்தினாள். "ஏண்டி, அந்தாளு சம்பளம் வாங்குறான், நீ ஏன் ஊசி குத்துற?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே நானும் பக்கத்தில் உட்கார்ந்து குத்தினேன். வினிகர் நாற்றத்தில் கண் எரிந்தது. தேவி விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து போனது. இரண்டு வாரத்தில் புதுக் காய் பிடித்தது, நுனி கறுக்காமல், பச்சைப் பசேலென்று.

அந்தச் செடிகளை அவள்தான் பிழைக்க வைத்தாள். அது எனக்குத் தெரியும், தனபாலனுக்கும் தெரியும்.

பதினான்காவது வாரம் லாட்டுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாள். பெற்றோர் எல்லாரும் வரலாம் என்றார்கள். ஹரிதாஸுக்கு ஆலையில் ஷட்டவுன் வேலை, இயந்திரங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் நாட்களில் செத்தாலும் லீவு கிடையாது. நான் மட்டும் போனேன். தேவிக்குப் பக்கத்துக் கொட்டகை விமலன் என்ற பையனுடையது. நல்ல பையன்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் செடியைத் தொட்டதைவிடக் கைப்பேசியில் செடியைப் படம் எடுத்ததுதான் அதிகம். அவன் அம்மா வாணி டவுனில் இன்சூரன்ஸ் விற்கிறவள்.

கோலாலம்பூரிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒரு மலாய் அம்மையார். எல்லாரும் மலாய் முறையில் மரியாதையாகப் புவான் என்று அழைத்தார்கள். வெயிலில் தொப்பி இல்லாமல் ஒவ்வொரு கொட்டகையாக நடந்து, காயைத் தொட்டுப் பார்த்து, பொறுமையாகக் கேள்வி கேட்டார். அந்த அம்மையார்மேல் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

விமலனின் கொட்டகையில் வாணி வாயைத் திறந்தவள் மூடவே இல்லை. என் மகன் சின்ன வயசிலிருந்தே செடி வளர்ப்பான், என் மகனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, நாளைக்கே லாட்டைக் கொடுங்கள், நூறு பேருக்கு வேலை கொடுப்பான். சரளமான மலாய். சீ, வெட்கமில்லாதவள், பெத்த பிள்ளையை இப்படியா சந்தையில் விற்பாள் என்று நான் மனதுக்குள் காறித் துப்பினேன். அவள் பிள்ளைக்குக் கண் பட்டுவிடுமே என்று இரக்கம்கூடப் பட்டேன். கூமுட்டை, நான் ஒரு கூமுட்டை.

பிறகு எங்கள் கொட்டகை. தேவி தன் நோட்டைக் காட்டி ஒவ்வொன்றாக விளக்கினாள். புவான் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு சிரித்த முகத்தோடு என் பக்கம் திரும்பி, "போலே டியா புவாட் செண்டிரி?" என்றார். தனியாகச் செய்வாளா, அவ்வளவுதான் கேள்வி.

துரையின் காரைக் கண்டால் முக்காட்டை இழுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் கூட்டத்தில் பிறந்தவள் நான். பெரிய அதிகாரி என்னைப் பார்த்துக் கேட்டதும் கை தானாகக் கூப்பிக்கொண்டது. முதுகு தானாக வளைந்தது. எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்: "அவளுக்கு ஒன்றும் தெரியாது புவான். எல்லாம் தனபாலன் சார் சொல்லிக் கொடுத்தது. நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை, கெட்டிக்காரப் பிள்ளை என்று மறுபாதியைச் சொல்வதற்காகக் காத்திருந்தேன். புவானுக்கு அந்த மறுபாதி எப்படித் தெரியும்? ஒரு தாய் சொன்னதை அவர் நம்பினார். தேவியைப் பாவமாகப் பார்த்தார், கோப்பில் ஏதோ எழுதினார்.

ஆனால் தனபாலன்? அவருக்குத் தெரியாதா? அவரும் ஒரு தமிழ்த் தாய் பெற்ற பிள்ளைதானே! அவரைப் பள்ளியில் சேர்த்த அன்று அவர் அம்மாவும் வாத்தியாரிடம் இதைத்தானே சொல்லியிருப்பார்? 'இல்லை புவான், இது எங்கள் வழக்கம், செடியைக் காப்பாற்றியது இந்தப் பெண்தான்' என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? அவர் தரையைப் பார்த்துப் பணிவாகச் சிரித்தார். என் மகளின் உழைப்பை நான் அவர் மடியில் கொட்டினேன், அவர் அதை அப்படியே வாங்கிக்கொண்டார்.

தேவி, "புவான், உண்மையில..." என்று ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்துக் கிள்ளினேன். பெரியவர்கள் முன்னால் அம்மா பேச்சை மறுத்துப் பேசினால் மரியாதை கெட்டுவிடுமே என்று கிள்ளினேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு நோட்டை மூடினாள்.

லாட் விமலனுக்குக் கிடைத்தது. ஏன் என்று தேவி போய்க் கேட்டதற்குத் தனபாலன், "ஒனக்குத் தனியா செய்ய வராதுன்னு ஒங்கம்மாவே சொன்னாங்களேம்மா. நான் என்ன செய்ய?" என்றாராம்.

மறுநாள் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். தனபாலனின் மேசைக்கு எதிரே நின்று கத்தினேன். "சார், மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க. அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. ஆனா ஃபைல்ல எழுதியாச்சி. நான் மேல போயி பேசுனா, தமிழ்ப் புள்ளைக்காகப் பேசுறான்னு சொல்ல மாட்டாங்களா?"

"விமலன் மட்டும் சீனப் புள்ளயா?"

தனபாலன் குளிர்சாதனத்தின் ரிமோட்டை எடுத்து எதையோ அழுத்தினார்.

அன்று புவானும் அங்கே ஒரு கூட்டத்துக்கு வந்திருந்தார். கார் நிறுத்தும் இடத்தில் மறித்துக்கொண்டேன். இந்த முறை கை கூப்பவில்லை. என் மகளுக்கு எல்லாம் தெரியும், அறுநூறு குழாயையும் அவள்தான் சுத்தம் செய்தாள், நான் அன்றைக்குச் சொன்னது பொய் என்று அழுதுகொண்டே சொன்னேன். அவர் என் தோளைத் தொட்டார். நல்ல மனுஷி, அதனால்தான் இன்னும் வலித்தது. "அக்கா, எல்லா அம்மாவும் தன் பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்றுதான் சொல்வார்கள். நீங்கள் அன்று உண்மையைச் சொன்னீர்கள், உங்களை நான் மதிக்கிறேன்," என்று மலாயில் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

பொய் சொன்னபோது நம்பினார்கள். உண்மையைச் சொன்னபோது பெற்ற பாசம் என்றார்கள்.

இப்போது தேவி என் கேண்டீன் இருக்கிற தொழிற்சாலையிலேயே வேலை செய்கிறாள். நீலச் சட்டை, தலைக்கு வலை, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும். அலமாரிக் கதவில் இருந்த காகிதத்தைக் கிழித்தாள், பசை மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. வீட்டில் மிளகாய் வாங்கினால் அவள் நறுக்க மாட்டாள். ஹரிதாஸ் என்னோடு இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை, அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரம். நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். தேவி முன் மேசையில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கைப்பேசி அடித்தது. கை எச்சில், அதனால் மேசையில் வைத்தே ஸ்பீக்கரைத் தட்டினாள். தனபாலனின் குரல்.

"தேவி, எப்டிம்மா இருக்க? ஒரு சின்ன விசயம். விமலன் லாட்ல காயெல்லாம் நுனி கறுத்துப் போவுது. தொட்டியில வெள்ளையா கட்டி நிக்குது. அன்னிக்கி நீ என்னமோ செஞ்சியே, அது என்னம்மா? அவனுக்கு ஒண்ணும் புரியல. புவான் வேற அடுத்த வாரம் வராங்க."

என் கரண்டி நின்றது. வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

தேவி சோற்றைப் பிசைந்துகொண்டே, என் குரலிலேயே, என் இழுவையிலேயே சொன்னாள்: "எனக்கு ஒண்ணுமே தெரியாது சார். எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதானே. நீங்கதான் பாத்துக்கணும்."

பிறகு சுண்டு விரலால் போனை அணைத்தாள்.

அடி என் ராசாத்தி! எனக்குக் கத்தத் தோன்றியது. பத்து மாதமாக நெஞ்சில் கிடந்த கல்லில் பாதி இறங்கியது போல இருந்தது. கொடுத்தாள் பார், நெத்தியடி! ஒரு பொரித்த மீன் துண்டை எடுத்துக்கொண்டு அவள் தட்டில் வைக்கப் போனேன்.

அதற்குள் லைன் லீடர் அன்னம்மா அவள் மேசைக்கு வந்துவிட்டாள். என் வயசுக்காரி, நல்லவள். "ஏம்மா தேவி, அடுத்த மாசம் புது மெசின் ஒண்ணு வருது. ஆறு பேரு அதுல நிப்பாங்க. நீ படிச்ச புள்ள, நீ தலைமையா நின்னு பாத்துக்கிறியா? நான் மேல சொல்றேன்."

தேவி எழுந்து நின்றாள். எச்சில் கையை மறைத்துக்கொண்டு, லேசாகக் குனிந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. நீங்கதான் பாத்துக்கணும்."

அதே குரல். அதே இழுவை. தனபாலனிடம் பேசியதற்கும் இதற்கும் ஒரு மயிரிழைகூட வித்தியாசமில்லை. குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தேனே, அது குத்தல் இல்லை. நான் கிள்ளிய இடத்தில் முளைத்தது அது.

"சரிம்மா, அப்ப வேற ஆளக் கேக்குறேன்," என்று அன்னம்மா திரும்பினாள்.

"அன்னம்மா!" என்று கத்திவிட்டேன். கேண்டீன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அவளுக்கு எல்லாம் தெரியும்! கேளு, அவளுக்கு எல்லாமே தெரியும்!"

தேவி தலை நிமிரவில்லை. உட்கார்ந்து, தட்டை இழுத்து, சோற்றை உருட்டினாள்.

"அம்மா சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றாங்கக்கா," என்றாள்.

அன்னம்மா சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போனாள்.